ஆளில்லாத படம்

அவர் இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மறைத்து வைத்திருந்து, முடிவில் போட்டு உடைத்து, படிக்கிறவர்களை அழவைக்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. அழுவதற்காக எழுதவும் இல்லை. அந்த மனிதரோடு ஒரு தீவில் நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டியில் உரக்கடை. அவருக்குத் திருப்பனந்தாள் பக்கத்தில் உரக்கடை. பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் தஞ்சாவூரில் ஓட்டல் பிடித்து டீலர் மீட்டிங் வைப்பார்கள். பாதிப் பேர் பிரியாணிக்காக வருவோம். அப்படி ஒரு மீட்டிங்கில்தான் பழக்கம்; அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன். அப்போது அவருக்கு என்னை யாரென்றே தெரியாது. தோளைப் பிடித்துத் திருப்பி, மேடையில் இருந்த குருணை மருந்து வாளிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"தம்பி, அசையாம நில்லுங்க. வாளி எத்தனாம் பெருசுன்னு தெரியணும்ல?"

"ஏன், வாளி மேலதான் எத்தனை கிலோன்னு எழுதியிருக்கே?"

"எழுதினதை எவன் நம்புறான்? ஆளு நின்னாத்தான் நம்புவான்."

அவருடைய போனில் ஆள் இல்லாத படம் ஒன்றுகூடக் கிடையாது. பாலம் என்றால் பாலத்தின் மேல் ஒருவர். வைக்கோல் போர் என்றால் அதில் சாய்ந்துகொண்டு ஒருவர். மாட்டை எடுத்தால்கூடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். மாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லையென்றால் அந்த வழியாகப் போகிற எவராவது வந்து பிடிக்க வேண்டும். நான் பிடித்திருக்கிறேன். அது முட்டுகிற மாடு என்று எடுத்து முடித்த பிறகுதான் சொன்னார்.

ஒரு தடவை வடக்கேயிருந்து வந்த கம்பெனி மேனேஜரைத் தாராசுரம் கோயிலுக்கு அழைத்துப் போனோம். அங்கே மண்டபத்துப் பக்கவாட்டில் கல்லில் செதுக்கிய தேர்ச்சக்கரம் இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதற்கு எதிரே கேமரா ஸ்டாண்டை நட்டுவிட்டு, ஆட்கள் விலகட்டும் என்று வெயிலில் காத்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது. ஒரு வழியாகக் கடைசி ஆளும் நகர்ந்தார். அந்த அம்மா கேமராவில் கண்ணை வைத்த நேரத்தில் அண்ணன் ஓடிப்போய், மர நிழலில் உட்கார்ந்திருந்த காவலாளியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தொப்பியைக்கூட நேராக வைத்துவிட்டார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்று கத்தினேன்.

"பாவம்டா, அந்தம்மா எவ்வளவு நேரமா ஆளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிது!"

அவர் மகள் கல்யாணத்திலும் இதே கூத்து. வீடியோக்காரப் பையன் பூ அலங்காரம் செய்த மேடையை முகூர்த்தத்துக்கு முன்னால் காலியாக எடுக்கப் போனான். பெண்ணைப் பெற்றவர், தலைக்கு மேல் ஆயிரம் வேலை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தார். "வெறும் மேடையை எதுக்குய்யா எடுக்கிறே? வாடகைக்குப் பாக்கறவன் மாதிரி!" என்று சொல்லிப் பந்தல்காரரைக் கூப்பிட்டு மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது மாப்பிள்ளை இல்லை. லுங்கி கட்டிய பந்தல்காரர்.

இதையெல்லாம் கிறுக்கு என்று நானும் நினைத்திருந்தேன். காரணம் ஒன்று உண்டு என்று பிறகு தெரிந்தது.

ஒரு வருஷம் கார்த்திகை மழையில் சம்பா நடவு மொத்தமும் முழுகிப்போனது. அவர் கடையில் வாடிக்கையாக உரம் வாங்குகிற ஒரு குத்தகை விவசாயி, பயிர்க் காப்பீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று வந்து நின்றார். அண்ணன் தன் போனில் எடுத்துக் கொடுத்தார். மழை விட்ட காலை நேரம். வயல் முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வானம் தெரிய, நடுவில் ஒரு கொக்கு. காலண்டரில் போடலாம் போல இருந்ததாம் படம். அதுதான் வினை. படத்தைப் பார்த்த அதிகாரி, "இது எந்த ஊர் ஏரி? ரொம்ப அழகா இருக்கே" என்று கேட்டாராம். சிட்டா, அடங்கல் என்று நிலத்துக் காகிதமெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. அந்த விவசாயிக்கு நஷ்டஈடு வரவில்லை. அவர் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க அண்ணன் கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான். திருப்பூருக்குப் போய்விட்டார்.

நானாக இருந்தால் அந்த ஆபீசில் போய் நாற்காலியைத் தூக்கியிருப்பேன். அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்த மழைக்கு டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். வயலுக்குச் சொந்தக்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். கையில் அழுகின நாற்று இருக்க வேண்டும். பின்னால் ஊர்க் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ தெரிய வேண்டும். இதில் பெரிய தொல்லை, நம் ஆட்களுக்குக் கேமராவைக் கண்டால் பல் தெரிந்துவிடும். வயல் முழுகியிருந்தாலும் சரி.

"சிரிக்காதீங்கய்யா! சிரிச்சா வெள்ளாமை செழிப்புன்னு நெனச்சுக்குவான்!"

அவர் எடுத்த படம் எதுவும் அதற்குப் பிறகு திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் மனிதருக்குக் கை அப்படியே பழகிவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது.

இனி தீவு.

ஒரு மருந்துக் கம்பெனி, அந்த வருஷம் நன்றாக விற்ற டீலர்களைக் கப்பலில் அழைத்துப் போவதாகச் சொன்னது. சிங்கப்பூரில் ஏறி, கடலில் சுற்றி, நடுவில் ஒரு தீவில் ஒரு பகல் நின்று, திரும்ப வேண்டும். எனக்கும் அண்ணனுக்கும் இடம் கிடைத்தது. டீலருக்கு ஒரே ஒரு டிக்கெட். லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் பாதி நாள் வயல் வயலாகப் போனைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர். கடையில் உட்கார்ந்து மூட்டை இறக்கி, பில் போட்டு, கடன் கேட்கிறவனிடம் வாய் கொடுத்து, அந்த விற்பனையைச் செய்தவர் அண்ணி. மீட்டிங்கில் எழுந்து கேட்டேன்.

"வித்தவங்க ஒருத்தவங்க, கப்பல்ல போறவங்க ஒருத்தவங்களா? இது என்னங்க நியாயம்?"

"பாலிசி சார்" என்றார் மேனேஜர். பாலிசி என்று சொல்லிவிட்டால் பிறகு வாயைத் திறக்க வேண்டாம் என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கிளம்புகிற அன்று வேனோடு அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்திலேயே புது வீடு கட்டி, பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி என்னை அதற்குள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, இந்தச் செவுத்தைப் பாருங்க."

"பாத்தேன் அண்ணி. வெறும் செவுரு."

"ஒங்க அண்ணன் போற தீவுல ஒரு படம் எடுக்கணும். அதைப் பெருசாப் போட்டு இங்க மாட்டணும். கடல், மணல், மரம். அவ்வளவுதான். ஆளு ஒருத்தரும் இருக்கப்படாது."

அண்ணன் வாசற்படியில் நின்றபடி, "ஒரு ஓரமா..." என்று ஆரம்பித்தார்.

"ஓரமாவும் கூடாது, தூரமாவும் கூடாது! ஒங்க போனைத் தொறந்தா ஊர்ல பாதிப் பேரு அழுகின நாத்தைப் புடிச்சிக்கிட்டு மொறைக்கிறாங்க. நான் இதுவரைக்கும் ஒங்கள்ட்ட எதாவது கேட்டிருக்கேனா? இதான் கேக்குறேன். குடிபோற அன்னிக்கு அந்தப் படம் செவுத்துல இல்லேன்னா நீங்க பழைய வீட்லயே இருந்துக்குங்க." என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒங்களை நம்பித்தான் அனுப்புறேன்."

குடிபோவது அடுத்த வாரம். அண்ணனுக்கு வேனில் ஏறியதிலிருந்தே வியர்த்தது.

கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெரிய ஓட்டல் மிதக்கிறது, அவ்வளவுதான். அதில் இருந்த படிக்கட்டு, பியானோ, தர்பூசணியில் செதுக்கிய வாத்து எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நான் நிற்கிற படம் அவரிடம் இருந்தது.

தீவுக்குக் கொஞ்சம் தள்ளிக் கப்பலை நிறுத்தி, சின்னப் படகுகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். கையில் கொடியோடு வந்த பெண், நாலு மணிக்குக் கடைசிப் படகு, தவறினால் கப்பல் நிற்காது என்று மூன்று பாஷையில் சொன்னார். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், தண்ணீர் மேல் சாய்ந்த தென்னைகள். நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

காலை வைத்ததும் அண்ணனுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. கப்பலில் வந்த ஒரு குஜராத்திப் புது ஜோடி, எங்களை ஒரு படம் எடுங்கள் என்று தங்கள் போனை அவரிடம் நீட்டியது. நீட்டக் கூடாத கை அது. மாப்பிள்ளையின் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்ட வைத்தார். இருவரையும் கடலில் இறக்கினார். கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்பாசியை அள்ளி ஆளுக்கொரு கொத்து கையில் கொடுத்தார். பெண் சிரித்தது.

"நோ ஸ்மைல்! நோ ஸ்மைல்!"

இரண்டும் வெலவெலத்துப்போய் முறைத்துக்கொண்டு நின்றன. தேனிலவுக்கு வந்தவர்கள் படம் போலவா இருந்தது? வெள்ள நிவாரணம் கேட்கிற படம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் படத்தைப் பார்த்த அந்த ஜோடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு ஜோடி கடற்பாசியோடு வரிசையில் நின்றது. மதியச் சாப்பாடு வரைக்கும் அண்ணன் அங்கேயே நின்று எல்லாரையும் முறைக்க வைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டதும் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணி கேட்ட படம் எங்கண்ணே?"

கடலைப் பார்த்துப் போனைத் தூக்கினார். ஒரு ஆள் குறுக்கே போனார். அவர் போன பிறகு தூக்கினார். யாரும் இல்லை. கட்டைவிரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. போனை இறக்கிவிட்டார்.

"எடுங்கண்ணே!"

"என்னமோ கொறையுதுடா. இதைப் பாத்தா எந்த ஊருன்னு எப்படித் தெரியும்?"

"அண்ணிதான் இன்சூரன்ஸ் ஆபீசரா? ஊரைக் கேக்கப் போறாங்களா?"

"நம்பணும்ல?"

அந்தக் கரையில் இனி எடுக்க முடியாது, ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று சொல்லி அவரைத் தீவின் மறுபக்கத்துக்கு இழுத்துப் போனேன். நடுவில் தென்னந்தோப்பு. வழியில் ஒரு மட்டையைத் திருப்பிப் பார்த்து, "இங்கயும் வெள்ளை ஈ இருக்குடா!" என்று, நம் ஊர்த் தென்னையைப் பாடாய்ப் படுத்துகிற பூச்சியைக் கண்டு பூரித்துப்போய், அந்த மட்டையை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி எடுத்தார். பிடித்தேன். வாதம் பண்ண நேரமில்லை.

மறுபக்கம் சின்ன வளைவு. பாறை, மணல், இரண்டு தென்னை, அதற்கப்பால் கடல். ஒரு ஈ காக்கை இல்லை. அண்ணி அந்தச் சுவரைக் காட்டியபோது மனதில் என்ன வைத்திருந்தாரோ அது அப்படியே எதிரில் கிடந்தது.

அண்ணன் போனைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"நீ போயி அந்தப் பாறைகிட்ட நில்லேன். சின்னதா. எறும்பு மாதிரித்தான் தெரிவே."

"மாட்டேன்."

"கையாவது நீட்டு."

"கையை வெட்டினாலும் நீட்ட மாட்டேன்."

மணலில் போய்த் தன் துண்டை விரித்துவிட்டு வந்தார். ஆள் வந்துபோன அடையாளமாவது இருக்கட்டுமாம். நான் போய்த் துண்டை எடுத்துச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவர் கெஞ்சினார், நான் கத்தினேன். அந்த அமைதியான இடத்தில், எங்கோ ஒரு கடல் ஓரத்தில், இரண்டு உரக்கடைக்காரர்கள் உரத்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மணி மூன்றரை ஆகிவிட்டது.

"அண்ணே, அந்தம்மா ஒண்ணுதான் கேட்டாங்க. கப்பல்ல வர வேண்டியது அவங்க. வந்திருக்கறது நீங்க. இதைக்கூட எடுக்க முடியாதுன்னா நீங்க எதுக்கு வந்தீங்க?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு யாராவது சொல்லலாம். நான் சொன்னேன், சொன்னது சரிதான்.

"நீ தோப்புக்குள்ள போ" என்றார் அண்ணன். "நீ பக்கத்துல இருந்தா ஒன்னையத்தான் எடுப்பேன். போ."

தோப்புக்குள் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். நேரம் போகிறது. எட்டிப் பார்த்தேன். மனிதர் தனியாக நின்றுகொண்டு யாரையோ நிறுத்துவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்படி வா, அங்க இல்ல, இன்னும் கொஞ்சம். எதிரில் யாரும் இல்லை. வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு போனைத் தூக்கினார். அமுக்கினார். ஒரு தடவைதான்.

பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஆள்போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

"எடுத்துட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். எடுத்திருந்தார். ஆனால் மரம், பாறை எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இன்னொரு பக்கம் வெறும் மணல். கல்யாண போட்டோவில் ஒருவர் எழுந்து போய்விட்ட மாதிரி.

"என்னண்ணே, கோணையா இருக்கு?"

"இருக்கட்டும், ஓடு!"

ஓடினோம். படகுக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்; தாவி ஏறினோம். கொடிக்காரப் பெண் இங்கிலீஷில் திட்டினார், நான் தமிழில் திட்டினேன். யாருக்கும் நஷ்டமில்லை.

கும்பகோணத்தில் பிரேம் போடுகிற கடையில் கூடவே இருந்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் சும்மா கெடக்கு சார், வெட்டிடலாமா? படம் நல்லா உக்காரும்" என்றார்.

"வெட்டினே, கையை ஒடச்சிடுவேன்" என்றார் அண்ணன். அவர் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை என்பதால் நானும் கடைக்காரரை முறைத்தேன்.

குடிபோன அன்று காலையில் போனேன். சுவரில் படம் இருந்தது. பாதிச் சுவருக்கு இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் பால் டம்ளரோடு அதற்கு எதிரில் நின்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இது வேதாரண்யம் என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, நான் சொன்னேன்ல என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அண்ணியின் தம்பி சும்மா இருக்கவில்லை. "என்ன மாமா, அவ்வளவு தூரம் கப்பல்ல போயி எடுத்திருக்கீங்க, இந்தப் பக்கம் பூராக் காலியாக் கெடக்குதே? ஒரு கடியாரமாவது மாட்டலாம்."

அண்ணி அடுப்படி வாசலில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், அங்க எதையும் மாட்டாதே" என்றார். "அது காலி இல்லடா. நான் நிக்கிறதுக்கு விட்டிருக்காரு."

கூடம் முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். எல்லாரும் வழக்கம்போலத் தலையைக் கோதிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் அடுக்கிக்கொண்டார்கள். பழக்கம்தானே. நானும் போய் நின்றேன்.

"நகருங்க, நகருங்க. எல்லாரும் வெளில போங்க."

"என்னையுமாண்ணே?"

"ஒன்னயத்தான் மொதல்ல சொன்னேன். போடா வெளில!"

என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். சம்பந்தி, கம்பெனி மேனேஜர், பெரியவர்கள், யாரையும் விடவில்லை. எங்கள் எல்லாரையும் வாசலுக்குத் துரத்திக் கதவைச் சாத்திக்கொண்டார். குடிபோன வீட்டில் விருந்தாளிகள் முழுப்பேரும் பால் டம்ளரோடு வெயிலில் நிற்கிறோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கதவைத் தட்டப் போனேன். உள்ளே பேச்சுக் கேட்டது. தட்டாமல் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட போ."

"இங்கியா?"

"இன்னும் கொஞ்சம்."

"போதும்ங்க. இதுக்கு மேல போனா பொடவை நனையும்."